முகம் ஒன்று, கை வேறு: மெக்சிகோவின் 'லா ஓத்ரா'

கேள்வி இது: பெட் டேவிஸ் இரட்டை வேடத்தில் நடித்த 'டெட் ரிங்கர்' படத்தின் கதை பல ஆண்டுகளுக்கு முன்பே மெக்சிகோவில் படமாகிவிட்டது என்கிறார்களே, அது எந்தப் படம்? ஹாலிவுட் அதைப் பார்த்துத்தான் எடுத்ததா? இரண்டில் எதை முதலில் பார்ப்பது?

அந்தப் படத்தின் பெயர் 'லா ஓத்ரா'. 1946ஆம் ஆண்டில் வந்தது. இயக்கியவர் ரொபெர்தோ கவால்தோன். இரண்டு சகோதரிகளாகவும் நடித்தவர் டோலோரஸ் டெல் ரியோ. 'டெட் ரிங்கர்' வந்தது 1964இல். இரண்டுக்கும் வேர் ஒன்றே. ரியான் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய கதை அது. 1933இல் வந்த 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' என்ற இசைப்படத்தின் திரைக்கதையில் பங்குகொண்ட அதே ரியான் ஜேம்ஸ்தான். ஆகவே கதையின் பிறப்பு அமெரிக்காவில். அது முதலில் திரையில் உயிர்பெற்றது மெக்சிகோவில். மூன்றாவது கேள்விக்கு எனக்குத் தயக்கமே இல்லை. 'லா ஓத்ரா'வை முதலில் பாருங்கள். அது 'டெட் ரிங்கர்' படத்தைவிடப் பதினெட்டு ஆண்டு மூத்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே கதையில் ஹாலிவுட் ஒரு குற்றத்தைக் கண்டது. மெக்சிகோக்காரர்கள் ஒரு வாழ்க்கையைக் கண்டார்கள்.

இந்தப் படத்தின் முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மரியா, மாக்தலேனா இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். உருவத்தில் அச்சாக ஒன்று. மாக்தலேனா கோடீஸ்வரருக்கு வாழ்க்கைப்பட்டவள். மரியா பிறருடைய கைகளைப் பிடித்து மேனிக்யூர் செய்து பிழைப்பவள். கோடீஸ்வரர் இறந்துபோகிறார். துக்க வீட்டுக்கு வரும் மரியா, தங்கள் இருவரின் வாழ்க்கைக்கும் இடையே உள்ள பள்ளத்தைத் தன் கண்ணால் பார்க்கிறாள். அந்த வீட்டின் படிக்கட்டும் துணிமணிகளும் கண்ணாடிகளும் அவளை விட்டு நீங்குவதில்லை. மரியாவை ஒருவன் நேசிக்கிறான். ரொபெர்தோ என்ற போலீஸ் துப்பறிவாளன், நேர்மையானவன், வசதியில்லாதவன். (அந்த வேடத்தில் நடித்த அகுஸ்தின் இருஸ்தா அர்ஜென்டினாக்காரர், புகழ்பெற்ற டாங்கோ பாடகர்.) அவனுடைய அன்பு அவளுக்குப் போதவில்லை. அக்காவா தங்கையா என்று சொல்ல முடியாத அந்த உடன்பிறந்தவளைக் கொன்று, செத்தது மரியா, அதுவும் தற்கொலை என்று தோன்றும்படி செய்துவிட்டு, மாக்தலேனாவின் உடையை உடுத்திக்கொண்டு மாளிகைக்குப் போய்விடுகிறாள்.

இதுவரை சொன்னது எந்த இரட்டை வேடக் கதையிலும் வரக்கூடியதுதான். இதற்கு அடுத்ததுதான் என்னைப் பல ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருக்கிறது.

முகம் ஒன்று. குரலை ஓரளவுக்குச் சரிசெய்துகொள்ளலாம். நடையைப் பழகிக்கொள்ளலாம். கையெழுத்து மட்டும் வராது. பணக்காரியின் வாழ்க்கை முழுவதும் கையெழுத்தில்தான் நடக்கிறது. காசோலை, வங்கித் தாள், உயில், வழக்கறிஞர் நீட்டும் பத்திரம், எதற்கும் அது வேண்டும். மரியா என்ன செய்கிறாள்? தன் கையைத் தானே சுட்டுப் பொசுக்கிக்கொள்கிறாள். காயம்பட்ட கைக்குக் கட்டுப் போட்டிருக்கும்வரை யாரும் அவளிடம் பழைய கையெழுத்தைக் கேட்க முடியாது அல்லவா?

'டெட் ரிங்கர்' படத்திலும் இந்தக் காட்சி உண்டு. அங்கே ஏழைச் சகோதரி மதுக்கடை நடத்துகிறவள். அவள் கையைச் சுட்டுக்கொள்வது ஒரு தந்திரம், அவ்வளவுதான். நாம் பதறுகிறோம், அவளுடைய துணிவை வியக்கிறோம், அடுத்த காட்சிக்குப் போகிறோம். மரியாவோ கைகளால் பிழைத்தவள். காலையிலிருந்து மாலைவரை பிறருடைய விரல்களைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, நகத்தைச் சீராக்கி, பளபளப்பாக்கிக் கூலி வாங்கியவள். அவளிடம் இருந்த ஒரே முதல் அந்தக் கைதான். பணக்காரியாக வேண்டுமானால் அவள் முதலில் அழிக்க வேண்டியது தன் உழைப்பின் கருவியை. இந்த ஒரு மாற்றத்தால் கதை வேறு உயரத்துக்குப் போய்விடுகிறது. மரியா கொன்றது ஓர் உயிரைத்தான், ஆனால் அதற்குப் பிறகு அவள் தன்னைத்தானே துண்டுதுண்டாகக் கொல்லத் தொடங்குகிறாள். முதலில் போவது பெயர், அடுத்தது கை. ரொபெர்தோவின் கண்ணில் அவள் ஏற்கெனவே செத்தவள்.

பெயர்களையும் கவனியுங்கள். மகதலேனா மரியாள் என்று விவிலியத்தில் ஒரு பெண் வருகிறாள். ஸ்பானிய மொழியில் மரியா மாக்தலேனா. கத்தோலிக்க நாடான மெக்சிகோவில் அந்தப் பெயரைக் கேளாத காது இல்லை. ஒரே பெண்ணின் பெயரை நடுவில் பிளந்து இரண்டு சகோதரிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பெயர் உள்ளவள் மறுபாதியையும் பறித்துக்கொள்ளப் போகிறாள் என்பது, முதல் அறிமுகத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. படத்தின் தலைப்புக்கு 'மற்றவள்' என்று பொருள். ஸ்பானிய மொழிப் பேச்சு வழக்கில், மனைவி இருக்க ஒருவன் வைத்துக்கொண்ட பெண்ணையும் அந்தச் சொல்லாலேயே குறிப்பார்கள். ஒருவருடைய இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற உறுத்தல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

மாளிகைக்குள் போன பிறகுதான் மரியாவுக்குத் தெரிகிறது, தான் திருடியது எது என்று. ஃபெர்னாந்தோ என்ற ஆடவன் வந்து நிற்கிறான். (நடித்தவர் விக்தோர் ஹுன்கோ.) அவன் மாக்தலேனாவின் கள்ளக் காதலன். அவனும் மாக்தலேனாவும் சேர்ந்துதான் அவளுடைய கணவருக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றிருக்கிறார்கள். நம் ஊர் வாரிசுச் சட்டத்திலும் சொல்வார்கள், சொத்தை வாங்குகிறவர் அதன்மேல் உள்ள கடனையும் வாங்குகிறார் என்று. மரியா வாங்கிய சொத்தின்மேல் இருந்த கடன் ஒரு கொலை. இறுதியில் சட்டம் அவளைப் பிடிக்கிறது. அவள் செய்த கொலைக்காக அன்று, அவள் செய்யாத கொலைக்காக. மாக்தலேனா என்ற பெயரிலேயே அவள் சிறைக்குப் போகிறாள். 'நான் அவள் இல்லை' என்று சொன்னால் தப்பலாம். அப்படிச் சொன்னால் 'அப்படியானால் அவள் எங்கே?' என்ற கேள்வி வரும். இந்த முடிச்சு இவ்வளவு இறுக்கமாக விழுந்த திரைக்கதைகள் உலகத்திலேயே குறைவு என்பேன்.

அந்தத் திரைக்கதையைக் கவால்தோனுடன் சேர்ந்து எழுதியவர் ஹோசே ரெவுவெல்தாஸ். இவரைப் பற்றி நான்கு வரி சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1914இல் துராங்கோ மாநிலத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்து, இருபது வயது ஆவதற்குள் இரண்டு முறை இஸ்லாஸ் மரியாஸ் என்ற பசிபிக் கடல் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டவர். அந்த அனுபவத்திலிருந்து 1941இல் வந்ததுதான் அவருடைய முதல் நாவல். 'தண்ணீர்ச் சுவர்கள்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். பிற்காலத்தில், 1968 மாணவர் எழுச்சியின்போது கைதாகி, மெக்சிகோ நகரத்தின் லெகும்பெர்ரி சிறையில் இருந்தபடி எழுதிய 'எல் அபாந்தோ' என்ற குறுநாவல் ஸ்பானிய இலக்கியத்தின் மிகக் கொடூரமான சிறைச் சித்திரங்களில் ஒன்று. பூட்டிய கதவைப் பற்றி இப்படி உடம்பால் அறிந்த ஒருவர் எழுதியதால்தான், 'லா ஓத்ரா'வில் மாளிகை மரியாவுக்கு மெல்ல மெல்லச் சிறையாகிக்கொண்டே வருகிறது. உண்மையான சிறைக்கம்பி வருவதற்கு வெகு முன்பே அவள் அடைபட்டுவிடுகிறாள். பணத்தின்மேல் உள்ள ஆசையை அவர் ஒரு பெண்ணின் கெட்ட குணமாகப் பார்க்கவில்லை. வேலையில் படும் அவமானமும் வாடகை அறையின் நெருக்கமும் அவளைத் தள்ளிக்கொண்டே வருகின்றன. மரியாவை மன்னிக்கச் சொல்லாமலே, அவளை நமக்கு விளங்கவைக்கிறார்.

படம் வந்த காலமும் இதற்குத் துணை நிற்கிறது. 1946 டிசம்பரில் மிகேல் அலெமான் மெக்சிகோவின் குடியரசுத் தலைவரானார். தொழிற்சாலை, நெடுஞ்சாலை, உயர்ந்த கட்டடங்கள், நகரத்தில் குவியும் பணம் என்று நாடு திசைமாறிய காலம் அது. அதுவரை மெக்சிகோ திரைப்படத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை கிராமமும் குதிரையும் கற்றாழைக் காடும். 1936இல் வந்த பண்ணை வீட்டுப் பாட்டுப் படம் ஒன்று கண்டம் முழுவதும் ஓடியதிலிருந்து அதுதான் வழக்கமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தன் நேச நாடான மெக்சிகோவுக்கு ஃபிலிம் சுருளைத் தாராளமாகக் கொடுத்தது, நடுநிலை வகித்த அர்ஜென்டினாவுக்கு இறுக்கிப் பிடித்தது. அந்த வேகத்தில் மெக்சிகோ ஸ்பானிய உலகின் திரைத் தலைநகராகவே ஆகிவிட்டது. அந்தச் செழிப்பின் உச்சத்தில் நின்றுகொண்டு கவால்தோன் கேமராவை நகரத்தின் பக்கம் திருப்பினார். ஈர வீதியும் நிழலும் பேராசையும் நிறைந்த நகரம். இன்று 'மெக்சிகோ நுவார்' (இருண்ட குற்றக் கதைப் படங்கள்) என்று தனியாகப் பேசப்படும் படங்களின் வரிசையில் 'லா ஓத்ரா'வுக்குத் தலைவாசலில் இடம் உண்டு.

கவால்தோன் 1909இல் வடக்கே சிவாவா மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் ஹாலிவுட்டுக்குப் போய்த் துணை நடிகராக இருந்து திரும்பியவர். படப்பிடிப்பில் அவருடைய கடுமைக்காக 'அரக்கன்' என்று பொருள்படும் பட்டப்பெயர் வைத்தார்கள். 1945இல் 'லா பர்ராகா' படத்தின் மூலம் பெயர் பெற்றார். பிற்காலத்தில் அவர் எடுத்த 'மகாரியோ' (1960) சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இடம்பெற்ற முதல் மெக்சிகோ படம். ஆனாலும் அவருக்குரிய மதிப்பு வெகுநாள் கிடைக்கவில்லை. நாட்டுப்புற அழகைக் காட்டிய எமிலியோ ஃபெர்னாந்தெஸ் உலக விழாக்களின் செல்லப்பிள்ளையாக இருந்தார். பின்னர் லூயிஸ் புனுவேல் வந்தார். இருவருக்கும் இடையில் கவால்தோன் வெறும் திறமையான கைவினைஞர் என்று ஒதுக்கப்பட்டார். 2019இல் ஸ்பெயினின் சான் செபாஸ்தியான் விழா அவருடைய படங்களை வரிசையாகத் திரையிட்டபோதுதான் ஐரோப்பாவில் பலர் அவரைப் புதிதாகக் கண்டார்கள். அந்தத் தாமதம் நியாயமற்றது என்பதில் எனக்கு ஐயமே கிடையாது.

இனி டோலோரஸ் டெல் ரியோ. இந்தப் படத்துக்கு அவரைவிடப் பொருத்தமான நடிகை உலகத்தில் இருந்திருக்க முடியாது என்று நான் நம்புகிறேன். அழகு மட்டும் அதற்குக் காரணம் அன்று.

1904இல் துராங்கோவில், வங்கி இயக்குநர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். மெக்சிகோ புரட்சியில் குடும்பம் உடைமைகளை இழந்து தலைநகருக்கு ஓடியது. ரெவுவெல்தாஸ் பிறந்த அதே மாநிலம். வங்கிக்காரர் மகளும் கம்யூனிஸ்ட் எழுத்தாளரும் இந்தப் படத்தில் சந்தித்துக்கொண்டது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கும். 1925இல் எட்வின் கரூவி என்ற அமெரிக்க இயக்குநர் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துப்போனார். அங்கே அவர் மெக்சிகோப் பெண்ணாகவா நடித்தார்? பெரும்பாலும் இல்லை. 'வாட் ப்ரைஸ் குளோரி'யில் பிரெஞ்சுக்காரி, 'ரிசரெக்‌ஷன்' படத்தில் ரஷ்யக் குடியானவப் பெண், 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' படத்தில் தென்கடல் தீவுக்காரி, 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ'வில் பிரேசில்காரி. அவருடைய முகத்தை வைத்துக்கொண்டு ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சலித்துப்போய் 1940களின் தொடக்கத்தில் தாய்நாடு திரும்பினார். திரும்பிய பின் எமிலியோ ஃபெர்னாந்தெஸின் 'மரியா கந்தெலாரியா'வில் சோசிமில்கோ நீர்வழிகளில் பூ விற்கும் பழங்குடிப் பெண்ணாக நடித்தார். அந்தப் படம் 1946 கான் விழாவில் பெரும்பரிசு பெற்றது. மேட்டுக்குடியில் பிறந்தவர் வெறுங்காலோடு நடந்த வேடம் அது.

பிறருடைய அடையாளத்தை உடுத்திக்கொள்வது என்றால் என்ன என்பதை இருபது ஆண்டுகள் தன் உடம்பில் சுமந்தவர், நாற்பத்திரண்டு வயதில் அதையே கதையாகக் கொண்ட படத்தில் நடிக்கிறார். ஏழையும் அவரே, சீமாட்டியும் அவரே.

கவனித்துப் பார்த்தால் அவர் நடிப்பது இரண்டு வேடம் அன்று, மூன்று. மரியா ஒன்று, மாக்தலேனா ஒன்று, மாக்தலேனாவாக நடிக்கும் மரியா மூன்றாவது. முதல் இரண்டையும் எந்தத் திறமைசாலியும் உடையாலும் தலைவாரலாலும் பிரித்துக் காட்டிவிடலாம். மூன்றாவதில்தான் நடிகை தெரிவார். அவள் ஒரு கோப்பையை எடுக்கும்போது கை அரை நொடி தயங்குகிறது. வேலைக்காரர்கள் கண்ணைத் தாழ்த்தும்போது இவள் கண்ணும் பழக்கத்தால் தாழப் பார்த்து நிமிர்கிறது. மௌனப் படங்களில் வளர்ந்தவர் என்பதால் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு கண்ணால் மட்டும் பேச அவருக்குத் தெரியும். அந்த முகம் பளிங்குபோல் குளிர்ந்தது, உணர்ச்சி காட்டாதது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. மற்ற படங்களில் அந்தக் குறை ஓரளவு உண்மை. இந்தப் படத்தில் அதுவே பலம், ஏனென்றால் மரியா உயிர்தப்ப வேண்டுமானால் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது.

ஒரே சட்டகத்தில் இருவரும் நிற்கும் காட்சிகள் அந்தக் காலத்து மாஸ்க் முறையில் அமைந்தவை. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பார்கள்; ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, உடை மாற்றிய அதே நடிகையை வைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். கேமரா இம்மியும் அசையக்கூடாது. நடிகை, எதிரில் ஆளே இல்லாமல், இல்லாத ஆளின் கண் உயரத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மற்ற இடங்களில் முதுகைக் காட்டி நிற்க ஒரு மாற்று நடிகை. ஒளிப்பதிவாளர் அலெக்ஸ் ஃபிலிப்ஸ் கனடாவில் பிறந்தவர். மெக்சிகோவின் முதல் முழுப் பேசும் படமாகக் கொண்டாடப்படும் 'சாந்தா'வை (1932) எடுக்க வந்து, அந்நாட்டிலேயே தங்கிவிட்டவர். கலை இயக்குநர் குந்தர் கெர்ஸோ பிற்காலத்தில் மெக்சிகோவின் பெரிய அருவ ஓவியர்களில் ஒருவராகப் போற்றப்பட்டவர். மாளிகையின் சுவர்களும் படிக்கட்டும் ஆளை விழுங்குவதுபோல் உயர்ந்து நிற்பது அவருடைய கண். இசை ரவுல் லவிஸ்தா. கண்ணாடிகள் வரும் இடங்களை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். சகோதரி உயிரோடு இருந்தபோது எதிரில் நின்ற அதே முகம், அவள் செத்த பிறகு ஒவ்வொரு கண்ணாடியிலும் திரும்பி வருகிறது. மாஸ்க் முறைக்கு அங்கே வேலையே இல்லை, வெறும் கண்ணாடி போதும்.

பெட் டேவிஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதே 1946இல் அவரும் 'எ ஸ்டோலன் லைஃப்' என்ற படத்தில் இரட்டையராக நடித்திருக்கிறார். அதில் ஒரு சகோதரி படகு விபத்தில் மூழ்கிப்போகிறாள். அவளுடைய மணமோதிரம் கழன்று மற்றவளின் கையில் தங்கிவிடுகிறது, பிழைத்தவள் மணமான சகோதரிதான் என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். இங்கே கொலை இல்லை. அடையாளம் கையில் வந்து விழுகிறது. கடைசியில் உண்மை வெளிப்பட்டு, காதலனும் கிடைத்துவிடுகிறான். ஒரே ஆண்டு, ஒரே முடிச்சு. ஒரு நாட்டில் கையில் மோதிரம், இன்னொரு நாட்டில் கையில் தீக்காயம். இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தால் எந்தக் கட்டுரையும் சொல்லாத வேறுபாடு உங்களுக்கே விளங்கும்.

'டெட் ரிங்கர்' மோசமான படம் அன்று. பால் ஹென்றீட் இயக்கம் துப்புரவாக இருக்கிறது, டேவிஸ் ஆசைதீர நடிக்கிறார், கார்ல் மால்டன் துப்பறிவாளராக மனத்தில் நிற்கிறார். செத்த சகோதரி வளர்த்த பெரிய நாயை வைத்து எழுதியிருக்கும் திருப்பம் நல்ல அதிர்ச்சி. முடிவு மரண தண்டனை. ஆனால் அது முழுக்க முழுக்க 'மாட்டிக்கொள்வாளா?' என்ற ஒரு கேள்வியில் ஓடும் படம். 'லா ஓத்ரா'வில் அந்தக் கேள்வி பாதியிலேயே நமக்கு முக்கியமில்லாமல் போய்விடுகிறது. மாட்டிக்கொள்ளாமல் வாழ்ந்தாலும் அவள் எப்படி வாழ்வாள் என்று நெஞ்சு பதைக்கிறது.

தேடும்போது ஒரு குழப்பம் வரலாம். 2002இல் 'லா ஓத்ரா' என்ற அதே பெயரில் மெக்சிகோ தொலைக்காட்சித் தொடர் ஒன்று வந்திருக்கிறது. அதற்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பில்லை. 1998இல் உலகெங்கும் ஓடிய 'லா உசுர்பதோரா' தொடரிலும் உருவம் ஒத்த இரண்டு பெண்கள் இடம் மாறுகிறார்கள். அது கியூபா எழுத்தாளர் இனெஸ் ரோதேனாவின் கதை. ரியான் ஜேம்ஸ் கதையின் வழி வந்தது அன்று. 1946, கவால்தோன், டெல் ரியோ என்ற மூன்றையும் சேர்த்துத் தேடினால் சரியான படம் அகப்படும். ஓடும் நேரம் ஒன்றரை மணிக்குச் சற்று அதிகம்.

பிடித்துப்போனால் அடுத்துப் பார்க்க வேண்டியது, கவால்தோனும் ரெவுவெல்தாஸும் மீண்டும் சேர்ந்த 'என் லா பால்மா தெ து மானோ' (1951). 'உன் உள்ளங்கையில்' என்று பொருள். போலிச் சோதிடன் ஒருவன் பணக்கார விதவை ஒருத்தியை ஏய்க்கப் போய்ச் சிக்கிக்கொள்ளும் கதை. ஆம், அதிலும் கைதான்.